பங்குத் தோட்டத்தில் சேர நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீரவநல்லூருக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையே, கன்னடியன் கால்வாய் பாயும் ஊர்களில் ஒன்று எங்களுடையது. மூன்று ஏக்கரில் காய்கறி வைத்திருக்கிறோம். மீதி நிலத்தில் நெல்லும் வாழையும். 2019 ஆடியில் 12 வீடுகளோடு பங்கு முறையைத் தொடங்கினோம். இப்போது 45 பங்கு இருக்கிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் பாளையங்கோட்டையிலிருந்தும் திருநெல்வேலி டவுணிலிருந்தும் தொலைபேசியில் கேட்பவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவசரத்தில் பாதி சொல்லிப் பாதி விட்டுவிடுகிறேன். அதனால் நிதானமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். பணம் கட்டும் முன் முழுவதும் படித்துவிடுங்கள்.

பங்குத் தோட்டம் என்றால் என்ன?

விதை போடும் முன்பே ஒரு பருவத்துக்கான பணத்தை நீங்கள் கட்டுகிறீர்கள். உழவு, விதை, எரு, கூலி எல்லாம் அந்தப் பணத்தில் நடக்கிறது. காய்ப்பு தொடங்கியதும் 16 வாரத்துக்கு, சனிக்கிழமைதோறும், பறித்ததில் உங்கள் பங்கு உங்களுக்கு வரும். விளைச்சல் கூடினால் பெட்டி கனக்கும். குறைந்தால் உங்கள் பெட்டியும் குறையும், எங்கள் அடுப்படியும் குறையும். லாபத்தில் மட்டும் பங்கு என்று நினைத்துச் சேர்ந்தவர்கள் நான்காவது வாரத்திலேயே மனம் வருந்தியிருக்கிறார்கள். ஆகவே இதை முதலிலேயே சொல்கிறேன்.

இது எங்கிருந்து வந்த முறை?

ஜப்பானில் 1970களில் பூச்சிமருந்து கலந்த உணவைக் கண்டு அஞ்சிய வீட்டுப் பெண்கள் உழவர்களோடு நேரடியாகப் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு முன்னோடிகளில் ஒன்று. அதற்கு அங்கே ‘தெய்கெய்’ என்று பெயர். கூட்டு என்று பொருள். அமெரிக்காவில் 1986இல் இரண்டு பண்ணைகள் இதைத் தொடங்கின. பிரான்சில் 2001இல் தொடங்கிப் பரவியது.

நம் ஊரிலும் களத்துமேட்டில் நெல் தூற்றியதும் கொல்லருக்கும் தச்சருக்கும் நாவிதருக்கும் பங்கு அளந்து கொடுத்த வழக்கம் இருந்தது என்று சிலர் ஒப்பிட்டுச் சொல்வார்கள். அந்த அளவையில் யார் எங்கே நிற்கவேண்டும், யார் கையேந்தி வாங்கவேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்தது. அதை மீட்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. எங்கள் வரிசையில் முதலில் வந்தவர் முதலில் எடுப்பார், அவ்வளவுதான்.

ஒரு பங்குக்கு எவ்வளவு?

முழுப் பங்கு ஒரு பருவத்துக்கு 6,400 ரூபாய். வாரத்துக்கு 400 ரூபாய் கணக்கு. சாதாரண வாரத்தில் 6 முதல் 7 கிலோ காயும் இரண்டு கட்டுக் கீரையும் இருக்கும். நான்கு பேர் உள்ள வீட்டுக்குச் சரியாக இருக்கும். அரைப் பங்கு 3,200 ரூபாய். இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடுகளும், பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட ஆச்சி தாத்தாக்களும் அரைப் பங்கே எடுக்கிறார்கள்.

பாதிப் பணத்தைச் சேரும்போதும், மீதியைப் பெட்டி தொடங்கி நான்காவது வாரத்திலும் கட்டலாம். அதுவும் முடியாதவர்கள் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். வேலை போன வீட்டுக்கும் ஆஸ்பத்திரிச் செலவு வந்த வீட்டுக்கும் மாதாமாதம் வாங்கியிருக்கிறோம்; மற்றவர்களுக்குத் தெரியாமல்தான்.

சந்தை விலையைவிடக் கூடுதலாக இருக்கிறதே?

பல வாரங்களில் கூடுதல்தான். கத்தரிக்காய் மலிந்து கிடக்கும் மாதத்தில் எங்கள் பெட்டியை எடைபோட்டுப் பார்த்தால் உங்களுக்கு நஷ்டம் போலத் தெரியும். ஆவணியில் ஓணம் நெருங்கும்போது பாவூர்சத்திரம் சந்தையில் கேரள வியாபாரிகள் லாரி லாரியாக ஏற்றுவார்கள், விலை துள்ளும். அந்த வாரங்களில் உங்களுக்கு மிச்சம். ஆனால் இந்தக் கூட்டல் கழித்தலுக்காக யாரையும் சேரச் சொல்ல மாட்டேன். வேறு ஒரு கணக்கைச் சொல்கிறேன்.

பங்கு முறை தொடங்குவதற்கு முந்தைய வருடம், 2018இல், ஒரு நாள் மூன்று சாக்கில் 120 கிலோ கத்தரிக்காயை மொத்தச் சந்தை ஒன்றுக்குக் கொண்டு போனோம். கிலோ 5 ரூபாய்க்குப் போயிற்று. 600 ரூபாய் வந்தது. கமிஷன் 60, வண்டி வாடகை 150, பறித்த இரண்டு பெண்களுக்குக் கூலி 400. ஆக 610. விதைத்து, நாற்று விட்டு, மூன்று மாதம் தண்ணீர் பாய்ச்சியதற்குக் கையிலிருந்து பத்து ரூபாய் போட்டுவிட்டுத் திரும்பினோம். அந்த வாரமே பாளையங்கோட்டையில் இருக்கும் என் நாத்தனார் கிலோ 25 ரூபாய்க்குக் கத்தரிக்காய் வாங்கியிருக்கிறாள். அன்று இரவு என் கணவர் சாப்பிடவில்லை. மறுநாள் மீதிக் காயைப் பறிக்காமல் செடியோடு உழுதுவிடலாம் என்றார். இந்தப் பத்து ரூபாய்தான் எங்களைப் பங்கு முறைக்குக் கொண்டு வந்தது.

இப்போது உங்கள் பணம் எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு அரைப் பங்கை ஒன்றாக எண்ணினால் மொத்தம் 45 பங்கு, 2,88,000 ரூபாய். சென்ற பருவத்தில் கூலிக்கு 1,50,000, விதை, நாற்று, எருவுக்கு 45,000, வண்டிக்கு 38,000, பந்தல் கம்பி, சொட்டுநீர்க் குழாய் பழுதுக்கு 15,000. மீதி 40,000 எங்கள் குடும்பத்துக்கு. பருவம் முடிந்ததும் இந்தக் கணக்கை எல்லாருக்கும் தாளில் கொடுப்போம். கூலியைப் பார்த்துக் கண்கள் விரிகின்றன சிலருக்கு. எங்கள் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. அது அந்தத் தொகைக்குள் இருக்கிறது. அதைக் குறைத்து உங்கள் பெட்டியின் விலையைக் குறைக்க மாட்டோம்.

உழவர் சந்தை இருக்கும்போது இது எதற்கு?

உழவர் சந்தை நல்ல ஏற்பாடு. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதலாவது திறக்கப்பட்டதிலிருந்து இடைத்தரகர் இல்லாமல் எத்தனையோ சிறு உழவர்கள் விற்கிறார்கள். பாளையங்கோட்டை மகாராஜநகர் சந்தைக்கு நாங்களும் போயிருக்கிறோம். எங்களிடம் பங்கு எடுத்தவர்களும் அங்கே போய் வெங்காயமும் எலுமிச்சையும் வாங்குகிறார்கள். அதில் ஒரு மனக்கசப்பும் இல்லை.

ஆனால் அங்கே காய் விளைந்த பிறகுதான் பணம் வரும். மழை அழித்துவிட்டால் அந்த நஷ்டம் உழவர் தலையில்தான். கடன் வாங்கி விதைக்கிறவருக்கு, விதைக்கும் முன் கையில் வரும் பணம் செய்யும் உதவியை வேறு எதுவும் செய்வதில்லை. நகையை அடகு வைக்காமல் விதைத்த முதல் பருவத்தை என் அத்தை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என்னென்ன காய் வரும்?

ஆடிப் பருவம் ஜூலை இரண்டாம் வாரத்திலிருந்து அக்டோபர் கடைசி வரை. முதல் சில வாரம் கீரை, வெண்டை, சீனியவரை (கொத்தவரங்காய்). ஆடி கழியும்போது கத்தரி பிடிக்கும். பிறகு புடலை, பீர்க்கு, பாகல், சுரை, தக்காளி, பச்சை மிளகாய், தடியங்காய் (வெண்பூசணி). வாழைத்தண்டும் பூவும் இடையிடையே வரும். ஆடிக் காற்றில் வாழை சாய்ந்துவிட்டால் ஒரே வாரத்தில் எல்லாருக்கும் வாழைக்காய் வந்து குவியும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தைப் பருவம் டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் இரண்டாம் வாரம் வரை. அவரை, கத்தரி, தக்காளி, முள்ளங்கி, முருங்கை, மாசி பிறந்தால் வெள்ளரி. இந்தப் பருவத்தின் அரசன் சிறுகிழங்கு. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வெளியூரிலிருந்து வந்து திருநெல்வேலியில் குடியேறியவர்கள் முதல் தடவை சிறுகிழங்கைப் பார்த்துவிட்டு, “அக்கா, மண்கட்டியைப் போட்டு அனுப்பியிருக்கிறீர்களே” என்று கேட்டிருக்கிறார்கள். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. கறுத்து, மண் அப்பி, ஒரு வாசனையோடு இருக்கும். கத்தியால் தோல் சீவினால் கிழங்கில் பாதி போய்விடும். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பழைய சாக்கில் போட்டு வாயை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, துவைக்கிற கல்லில் நான்கு தட்டுத் தட்டி உருட்டுங்கள். சாக்கின் சொரசொரப்பில் தோல் உரிந்து வந்துவிடும். மிச்சத்தை நகத்தால் கிள்ளிவிடலாம். விரலில் கறை ஏறும். என் அத்தை முதலில் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் உட்காருவார். தேங்காய், சீரகம், பூண்டு அரைத்துப் போட்டுப் பொரியல் செய்தாலும், புளிக்குழம்பில் போட்டாலும் அதன் மணம் தனி. மார்கழிக் கடைசியிலிருந்து தை முழுவதும் கிடைக்கும். பொங்கல் வாரப் பெட்டியில் அதோடு சேனை, சேம்பு, வள்ளிக்கிழங்கு, பனங்கிழங்கு எல்லாம் வைப்போம். பனங்கிழங்கு மட்டும் எங்கள் நிலத்தில் விளைந்தது இல்லை; திசையன்விளைப் பக்கத்திலிருந்து வாங்குகிறோம். வாங்கி வைத்த பொருள் எதுவானாலும் வாரப் பட்டியலில் அப்படியே எழுதிவிடுவோம்.

கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு?

இந்த மண்ணில் நாங்கள் பயிரிடுவதில்லை. மறுவீட்டுச் சொதிக்கு வேண்டுமென்றால் கடையில்தான் வாங்கவேண்டும். முருங்கைக்காயும் இஞ்சியும் பச்சை மிளகாயும் எங்களிடமிருந்து வரும்.

ஐப்பசிப் பாதியிலிருந்து மார்கழிப் பாதி வரை ஏன் பெட்டி இல்லை?

அடைமழையில் பாத்திக்குள் கால் வைக்க முடியாது. கால் வைத்தால் மண் இறுகி வேர் மூச்சு முட்டும். கீரை அழுகும், பூ உதிரும். அந்த இரண்டு மாதமும் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் வெளியிலிருந்து வாங்கித்தான் நிரப்பவேண்டும். அதைச் செய்ய மனம் வரவில்லை.

வெள்ளம் வந்தால் என் பணம் என்ன ஆகும்?

இதற்கு 2023ஐச் சொன்னால் போதும். அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். மலையிலும் கொட்டியது, அணைகளும் நிரம்பின, தாமிரபரணி கரை புரண்டது. தைப் பருவப் பெட்டி தொடங்கப் பத்து நாள்தான் இருந்தது. 18ஆம் தேதி காலையில் வரப்பு எது, பாத்தி எது என்று தெரியவில்லை. தென்னை மட்டைகளும் யாருடைய வீட்டுப் பிளாஸ்டிக் குடமோ ஒன்றும் புடலைப் பந்தலில் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தன. தண்ணீர் வடிய நான்கு நாளாயிற்று. சிறுகிழங்கைத் தோண்டிப் பார்த்தோம். கையில் எடுத்ததும் கூழாகிவிட்டது.

அந்தப் பருவத்தில் 16 வாரத்துக்குப் பதில் 11 வாரம்தான் கொடுக்க முடிந்தது. பணத்தைத் திருப்பித் தரவில்லை. தர எங்களிடம் இல்லை, விதையிலும் கூலியிலும் போய்விட்டது. பங்கு எடுத்த வீடுகளிலிருந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வந்தார்கள். அவர்களில் சிலர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது. பாத்திகளில் படிந்த மணலை அள்ளிக் கரையில் கொட்டினார்கள். ஒரு வங்கி அதிகாரி, அதுவரை தோட்டத்துக்கே வராதவர், மாலைவரை நின்று வாய்க்கால் தூர் வாரினார்.

ஒருவர் மட்டும் கோபித்துக்கொண்டு விலகினார். “பெட்டி வராமல் போகும் என்று சொல்லவே இல்லையே” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வாயால் சொன்னோமே தவிர எழுதிக் கொடுத்திருக்கவில்லை. அன்றிலிருந்து சேரும்போது ஒரு தாள் தருகிறோம்: வெள்ளம், வறட்சி, பன்றி, காற்று, நோய் ஆகியவற்றால் விளைச்சல் குறைந்தால் பெட்டியும் குறையும். எங்கள் கவனக்குறைவால், அதாவது நேரத்தில் விதைக்காமலோ மோட்டாரைப் பழுது பார்க்காமலோ போய்க் குறைந்தால், அடுத்த பருவத்தில் அந்த வாரங்களை ஈடுகட்டுவோம். இரண்டையும் பிரித்துப் பார்க்க, பங்கு எடுத்தவர்களில் மூன்று பேரை ஒவ்வொரு பருவமும் நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கால்வாயும் கிணறும். கார் (முதல் போக) நெல் சாகுபடிக்குப் பாபநாசம் அணையை ஜூன் 1ஐ ஒட்டித் திறப்பது வழக்கம்; அணையில் இருப்பு இல்லாத வருடம் தள்ளிப்போகும். அப்போது கிணறுதான். தாமிரபரணி ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஸ்ரீவைகுண்டம் தவிர மற்ற ஏழும் ஆங்கிலேயருக்கு முந்தியவை. எங்கள் கன்னடியனும் அந்த ஏழில் ஒன்று. அவற்றைக் கட்டியவர்கள் போட்ட சோற்றைத்தான் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றும்.

மருந்து அடிப்பீர்களா? சான்றிதழ் உண்டா?

ரசாயன உரமும் ரசாயனப் பூச்சிமருந்தும் காய்கறி நிலத்தில் 2016இலிருந்து போடவில்லை. பங்குனி அறுவடை முடிந்ததும் ஆட்டுக்கிடை போடுகிறோம். தொழு எரு, மண்புழு உரம், பஞ்சகவ்யம் உண்டு. பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல்: 5 கிலோ பருப்பை இடித்து, இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, மாலை வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கவேண்டும். கத்தரியில் காய்த்துளைப்பானுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறோம். அதையெல்லாம் மீறிப் புழு வரும். ஓட்டை விழுந்த காயை ஓரத்தை அரிந்துவிட்டுச் சமையுங்கள். ஒரு பெட்டியில் மூன்று நான்குக்கு மேல் இருந்தால் சொல்லுங்கள். நாங்கள் சரியாகப் பிரிக்கவில்லை என்று பொருள்.

வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் வந்துவிட்டால் எங்களிடம் மருந்து இல்லை. வெள்ளை ஈ பரப்பும் நோய் அது. செடியைப் பிடுங்கி எரிப்போம், வெண்டை அந்தப் பருவத்தில் முடிந்துபோகும்.

சான்றிதழைப் பொறுத்தவரை, பக்கத்து உழவர்களே ஒருவர் நிலத்தை ஒருவர் பார்வையிட்டு உறுதி சொல்லும் பி.ஜி.எஸ். முறையில் இருக்கிறோம். ஏற்றுமதிக்கு வேண்டிய மூன்றாம் தரப்புச் சான்றிதழ் எங்களிடம் இல்லை. அதன் கட்டணம் எங்கள் அளவுக்குத் தாங்காது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கால்வாய்த் தண்ணீர் பல வயல்களைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. மேல்மடையில் யூரியா போடுகிறார்கள். அதனால் காய்கறிக்குக் கூடியமட்டும் கிணற்றுத் தண்ணீரையே பாய்ச்சுகிறோம். கால்வாய் ஓரமாக இரண்டு வரிசை வாழையும் வேலியாகப் பூவரசும் நிற்கின்றன. நூற்றுக்கு நூறு சுத்தம் என்று சொல்ல மாட்டேன்.

கோ. நம்மாழ்வார் 1960களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, அதை உதறிவிட்டு, பிறகு இங்கே களக்காட்டில் உழவர்களோடு பணியாற்றியவர். ரசாயனம் இல்லாமல் முடியும் என்று என் மாமனாருக்குத் தைரியம் வந்தது அவர் பேச்சைக் கேட்டபிறகுதான்.

பன்றி, மயில் தொந்தரவு இருக்கிறதா?

இருக்கிறது. மலையடிவாரத்தில் கடையம், களக்காடு பக்கம் படும் பாட்டை நினைத்தால் எங்களுடையது குறைவு. கிழங்குப் பருவத்தில் பன்றிக்கு இரவுக் காவல் இருக்கிறோம். மயில் தக்காளியைக் கொத்தும். ஒரு பங்கு அதற்கும் என்று அத்தை சொல்வார். பறிக்கும்போது எனக்கு அவ்வளவு பெருந்தன்மை வருவதில்லை.

எங்கே வந்து வாங்கிக்கொள்வது?

சனிக்கிழமை காலை 6:30 மணிக்குப் பெருமாள்புரம், 7:30க்கு வண்ணார்பேட்டை, 8:15க்கு டவுண். ஒவ்வோர் இடத்திலும் பங்கு எடுத்த ஒரு வீட்டின் முன்வாசல்தான். வீட்டுக்கு வீடு கொண்டு வந்து கொடுக்க வண்டியும் ஆளும் இல்லை. ஆனித் தேரோட்டம் அன்று டவுணுக்குள் வண்டி நுழையாது. அந்த நாளையொட்டிப் பெட்டி நாள் வந்தால் முன்கூட்டியே சொல்லி இடத்தை மாற்றுவோம். உள்ளூர்க்காரர்கள் தோட்டத்துக்கே வந்து எடுத்துக்கொள்ளலாம்.

காலையில் பறித்ததா, முதல் நாள் பறித்ததா?

கீரையும் வெண்டையும் சனிக்கிழமை விடியுமுன் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பறிக்கிறோம். வெண்டையை நுனி ஒடித்துப் பார்த்து எடுக்கக் கூடாது. கையில் பிடித்ததுமே முற்றலா இளசா என்று தெரியவேண்டும். எங்களோடு வேலை செய்யும் பெண்களுக்கு அது இருட்டிலும் தெரியும். சுரை, பூசணி, கிழங்கு வகைகள் வெள்ளிக்கிழமை மாலை.

எங்கள் வீட்டில் பாகற்காய் தொடமாட்டார்கள். மாற்றித் தருவீர்களா?

ஒவ்வோர் இடத்திலும் மாற்றுப் பெட்டி ஒன்று திறந்திருக்கும். வேண்டாததை அதில் போட்டுவிட்டு, அதில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பாகற்காய்க்கு எப்போதும் ஆள் காத்திருக்கிறது. உங்களுக்கென்று தனிப் பட்டியல் போட்டுக் கட்ட முடியாது.

காய் மிஞ்சிப் போகிறதே, என்ன செய்வது?

முருங்கைக் கீரையை அன்றே ஆய்ந்துவிடுங்கள். மற்றக் கீரையை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். சேனையும் பூசணியும் வாரக்கணக்கில் கெடாது. அவற்றைக் கடைசியில் எடுங்கள். சீனியவரையும் கத்தரியும் கூடினால் உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, வெயிலில் காயவைத்து வற்றலாக்கிவிடலாம். பங்குனி வெயில் அதற்கென்றே அடிக்கிறது.

வெள்ளிக்கிழமை வந்ததும் பெட்டியின் அடியில் ஒரு கத்தரிக்காய், இரண்டு அவரை, பாதி வாழைக்காய் என்று மிஞ்சும். அதற்கு நம் ஊரில் கூட்டாஞ்சோறு இருக்கிறது. அரிசியும் துவரம்பருப்பும் அந்தக் காய்களும், கடைசியில் ஒரு பிடி முருங்கைக் கீரையும், தேங்காய் சீரகம் அரைத்த விழுதும். இத்தனை காய் எதற்கு என்று கேட்ட வீடுகள் இப்போது கூட்டாஞ்சோற்றுக்காகவே மிச்சம் பிடிக்கின்றன.

அரிசி, வாழைப்பழம் கிடைக்குமா?

பங்கில் சேராது; தனியாக வாங்கலாம். அம்பை 16 எங்களிடம் உண்டு. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட ரகம். குண்டு அரிசி, இட்லிக்கு நன்றாக இருக்கும். பிசான (இரண்டாம் போக) நெல் அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் கேளுங்கள்.

ஊருக்குப் போயிருந்தால்?

உங்கள் பங்கை யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வியாழக்கிழமை இரவுக்குள் எனக்குத் தெரிந்தால் போதும். யாரும் வராவிட்டால் அது முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போகும். பருவத்தின் நடுவே விலகவேண்டுமென்றால் மீதி வாரங்களை வேறொருவர் பெயருக்கு மாற்றித் தருகிறோம்.

தோட்டத்தைப் பார்க்க வரலாமா?

கட்டாயம் வாருங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு திறந்திருக்கும். பிள்ளைகளை அழைத்து வாருங்கள். பாத்திக்குள் நடக்காமல் வரப்பில் நடக்கச் சொல்லுங்கள், புதர் ஓரம் கை விட வேண்டாம் என்றும் சொல்லுங்கள், பாம்பு உண்டு. வேலை செய்ய விரும்பினால் களை எடுக்கலாம். அதற்காகப் பங்குத் தொகையில் கழிவு தருவதில்லை; கூலிக்கு வருபவர்களின் நாளைக் குறைக்க விருப்பம் இல்லை.

எங்கள் ஊர் தூரம். நாங்களே இப்படித் தொடங்கலாமா?

தொடங்குங்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்தும் ராதாபுரம் பக்கத்திலிருந்தும் இதைக் கேட்டு வந்திருக்கிறார்கள். எங்களைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள். உங்கள் மண் வேறு. கரிசலில் மிளகாயும் உளுந்தும் சின்ன வெங்காயமும் நன்றாக வரும்போது, கீரைக்காக ஏன் கஷ்டப்படவேண்டும்? தேரி மண்ணில் முருங்கை இருக்கிறது, பனை இருக்கிறது. வாரப் பெட்டி முடியாவிட்டால் மாதப் பெட்டி போடலாம்; பருப்பு, வற்றல், கருப்பட்டி என்று.

முதல் வருடம் பத்து, பன்னிரண்டு வீடுகளுக்கு மேல் எடுக்காதீர்கள். தெரிந்தவர்களாக இருக்கட்டும். எங்கள் முதல் பன்னிரண்டு வீடுகளில் ஏழு, என் கணவரோடு கல்லூரியில் படித்தவர்களுடையவை. நாங்கள் செய்த தவறு, எல்லாக் காயையும் ஒரே நாளில் விதைத்தது. ஐந்தாவது வாரம் வெண்டை மலையாகக் குவிந்தது, பத்தாவது வாரம் வெறும் சுரைக்காய்தான். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக விதைக்கவேண்டும் என்பதை அந்தப் பன்னிரண்டு வீடுகள் பொறுத்துக்கொண்டதால் கற்றோம். விதைத்த தேதி, பறித்த எடை இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு இல்லாமல் அடுத்த வருடம் எத்தனை பங்கு எடுக்கலாம் என்று தெரியாது.

எப்போது சேரலாம்?

ஆடிப் பருவத்துக்கு, சித்திரை முதல் நாள் பொன்னேர் பூட்டிய மறுநாளிலிருந்து பெயர் எழுதுவோம். வைகாசி பிறந்ததும் நாற்று விடவேண்டும் என்பதால் அதற்குள் முடித்துவிடுவோம். தைப் பருவத்துக்கு ஆவணி முழுவதும். பழையவர்களுக்கு முதல் பத்து நாள், பிறகு புதியவர்கள். 45க்கு மேல் எடுப்பதில்லை. மூன்று ஏக்கர் அதற்கு மேல் தாங்காது. இடம் இல்லாவிட்டால் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த பருவத்தில் அழைப்போம்.

முதல் சனிக்கிழமை பை கொண்டு வர வேண்டாம், ஓலைப்பெட்டியில் தருவோம். அடுத்த வாரம் அதைக் கழுவி, வெயிலில் காயவைத்துத் திருப்பிக் கொண்டு வாருங்கள். ஈரத்தோடு வந்தால் பூசணம் பிடித்துவிடும். உங்கள் பெயரைப் பெட்டியின் காதில் நூலால் கட்டியிருப்போம். அந்த நூலை மட்டும் அவிழ்க்காதீர்கள்.